பதினேழாம் நம்பர் அன்னம்

திருச்சியிலிருந்து குளித்தலை போகவே
ஒன்றேகால் மணி நேரம் எடுக்கும் எங்கள் பஸ்.
வெளிநாடு ஐம்பத்தைந்து நிமிடத்தில் வந்துவிட்டது.
சாண்ட்விச்சைப் பாதி மெல்லும்போதே
பெல்ட்டைப் போடச் சொன்னார்கள்.
மீதியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான்
குடிவரவு அதிகாரி முன் நின்றேன்.
எத்தனை நாள் என்று கேட்டார்.
மூன்று விரல் காட்டினேன்.

ஆயிரம் கொடுத்தால் மூவாயிரத்துச் சொச்சம் தந்தார்கள்.
பர்ஸ் வீங்கியது. என் நடையே மாறிப்போனது.
கோட்டை ஸ்டேஷன் வாசலில்
இரண்டு தண்ணீர் பாட்டிலும் ஒரு தொப்பியும் வாங்கும்வரை
அந்த நடை நீடித்தது.

கூட வந்தவன் பெரியப்பா மகன் ஹரிபாஸ்கர்.
இந்த ஊரில் அவனுக்கு வேறொரு சிக்கல்:
சிங்களத்தில் ஹரி என்றால் 'சரி'.
எங்களுக்கு அது தெரியாது.
ஆட்டோக்காரர் போனில் "ஹரி ஹரி" என்றார்,
இவன் "சொல்லுங்கண்ணே" என்றான்.
புறக்கோட்டையில் செருப்பு விற்றவர்,
பஸ்ஸைத் தட்டி அனுப்பிய கண்டக்டர்,
யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்த போலீஸ்காரர்.
மதியத்துக்குள் திரும்பித் திரும்பி
கழுத்து சுளுக்கிக்கொண்டது.
"எல்லாருக்கும் என்னத் தெரிஞ்சிருக்கு பாத்தியா?"
நான் மறுக்கவில்லை.
பணமெல்லாம் அவன் பையில்.

பிறகு பேர வாவி.
கட்டிப்போட்ட மாடுகள் போல வரிசையாய் அன்னப் படகுகள்.
எங்களுக்கு வாய்த்தது பதினேழாம் நம்பர்.
மூக்கில் பெயின்ட் உரிந்து
சளி பிடித்த மாதிரி இருந்தது.
பாலையும் நீரையும் பிரிக்குமாம் அன்னம்.
இந்தப் பச்சைத் தண்ணீரில்
முதலில் நீரைக் கண்டுபிடிக்கட்டும்.

டிக்கெட் கிழித்த பையன் நிரோஜன்
சட்டையில் விசில் குத்தியிருந்தான்.
"அரை மணித்தியாலம். ரெண்டு பேரும் சேர்ந்து மிதிக்கோணும்."
சேர்ந்து என்ற சொல்
எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமில்லை.
அவன் மிதித்தால் நான் படம் எடுத்தேன்,
நான் மிதித்தால் அவன் படம் எடுத்தான்.
அன்னம் நின்ற இடத்திலேயே
அம்மி மாதிரி சுற்றியது.
கம்பத்தில் உட்கார்ந்திருந்த கூழைக்கடா ஒன்று
தாடைப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு
எங்களைப் பார்த்தது.
இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த தாசில்தார்
இப்படித்தான் பார்ப்பார்.

கரையிலிருந்து விசில். "கெதியா மிதியுங்கோ!"
"நம்ம கதியையா கேக்குறான்?" என்றான் ஹரி.
வேகமாக என்று எங்களுக்குப் புரிவதற்குள்
காற்று எங்களைத் தள்ளிக்கொண்டு போனது
தண்ணீர்மேல் நிற்கும் விகாரையின் பக்கம்.

அங்கே ஒரு கல்யாண ஜோடி.
மாப்பிள்ளை தலையில் தங்கக் கோபுரம் மாதிரி தொப்பி,
பெண்ணின் கழுத்தில் ஏழு வரிசைச் சங்கிலி,
கேமராக்காரர் ஒற்றை முழங்காலில்.
அவர்களுக்குப் பின்னால், சரியாக நடுவில்,
சளி பிடித்த அன்னம் நுழைந்தது.
பெண்ணின் தாடை லேசாக உயர்ந்தது.
அதுதான் அவர் காத்திருந்த கோணம் போலும்.
கையை உயர்த்திக் கத்தினார்:
"ஹரி! ஹரி! ஹரி!"

எழுந்துவிட்டான்.
பள்ளியில் பேர் கூப்பிட்டால்கூட
இவ்வளவு விறைப்பாய் எழுந்ததில்லை அவன்.
படகு இடப்பக்கம் சாய,
என் தொப்பி தண்ணீருக்குப் போக,
நான் அலறியது
எந்த மொழியிலும் சேராது.
க்ளிக்.

நிரோஜன் வேறொரு படகில் வந்து
கயிறு கட்டி இழுத்துப் போனான்.
வழியெல்லாம் சிரிப்பை அடக்கியவன்
கரைக்கு வந்ததும் கேட்டான்:
"இந்தியாவில வாத்து இல்லையோ?"
பத்து நிமிடக் கூடுதல் கட்டணத்தை மட்டும்
சிரிக்காமல் வாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் காலிமுகத்திடல்.
வடைமேல் முழு இறால் மீசையோடு படுத்திருந்தது.
கடைக்காரர் மிளகாய்த்தூளைத் தூக்கிக் காட்டி
"ஹரித?" என்றார்.
ஹரிபாஸ்கர் நெஞ்சில் கை வைத்து,
"ஆமா, நான்தான்" என்றான்.
போதும் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.
கண்ணில் நீர் வழிய வழியத் தின்றான்.

எனக்கோ அந்த ஆல்பம்தான் நினைவில்.
இந்த ஊரில் யார் வீட்டு மேசையிலோ
விருந்தாளிகள் பக்கம் புரட்டும்போது
மாப்பிள்ளையின் காதுக்குப் பின்னால்
ஒருவன் நிற்பான்,
ஒருத்தி வாயைப் பிளந்திருப்பாள்.
யார் இவர்கள் என்று கேட்பார்கள்.
பெண் வீட்டார் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொள்வார்,
மாப்பிள்ளை வீட்டார் என்று பெண்.